மேலிருந்து நசுங்கிய வண்டி

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. பேச்சு வளர்ந்தால் மறந்துவிடுவேன். என்னை ஏற்றிவந்த உங்கள் வண்டியின் பின்பக்க இடது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது. ஓட்டிவந்த இளம் காவலரிடமும் சொன்னேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் பெருசு, நீங்க ஏறுங்க" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு நான்தான் போய் இழுத்து வரவேண்டியிருக்கிறது.

"நடந்ததை உங்க கையாலயே எழுதுங்க, கதை மட்டும் வேணாம்" என்று சொல்லிக் காகிதமும் பேனாவும் வைத்துவிட்டுப் போனீர்கள். பின்பாதியைச் சொல்லும்போது உங்கள் மீசை லேசாக அசைந்தது. ஆக, என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் புளுகன் என்பது ஊரறிந்த விஷயம். லாரியிலிருந்து கழன்ற சக்கரம் ஒன்று தனியாகவே பதினாறு கிலோமீட்டர் உருண்டுபோய், பக்கத்து ஊர்ச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்த பிறகு கிளம்பியது என்று நான் சொன்னதை நம்பியவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கிய காரை யார்டு வரை இழுத்துவந்து கதவைத் திறந்தால், பின்சீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், கண்ணைத் திறந்து "எறங்கணுமா?" என்று கேட்டார் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. முதலாவது பொய். இரண்டாவது நடந்தது. இதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

தொழில் உங்களுக்குத் தெரியும். நாற்பத்தோரு வருடமாக இழுவை வண்டி ஓட்டுகிறேன். சாலையில் நொறுங்கிக் கிடப்பதைக் கொக்கி மாட்டித் தூக்கி என் யார்டில் கொண்டுபோய் இறக்குவேன். வண்டியில் இருந்தவர்களை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விடும். ஆனால் எல்லாவற்றையும் கொண்டுபோவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரே ஆண்டில் நம் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் போனார்கள். நான்கு வண்டிகளையும் நான்தான் இழுத்தேன். யார்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பையனின் ஒற்றைச் செருப்பு என் வண்டிப் படியில் செருகிக்கொண்டு கூடவே வந்திருந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று இரண்டு முறை அந்த வீட்டு வாசல்வரை போனேன். என்னவென்று சொல்லிக் கொடுப்பது? அது இன்னும் என் கருவிப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. சோதனை போட்டபோது உங்கள் ஆட்கள் அதை வேறு ஏதோ என்று நினைத்துக் கவரில் போட்டுக்கொண்டு போனார்கள். அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை. அல்லது அதுதான் தொடர்பு.

அந்த ஆண்டுதான் தலைமையாசிரியர் என்னைத் தேடி யார்டுக்கு வந்தார். லைசென்ஸ் எடுக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, நொறுங்கிய கார் ஒன்று கிடைத்தால் பள்ளி வாசலில் மேடை கட்டி வைத்துவிடலாம், தினமும் பார்த்தால் உறைக்கும் என்றார். கூடவே நானும் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பேச வேண்டும் என்றார். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். சிக்கல் என்னவென்றால், அந்த நான்கு வண்டிகளில் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை. வீட்டார் வந்து, கண்ணில் படக்கூடாது என்று, நான் பார்க்கவே உடைத்துத் தூளாக்கச் சொல்லிவிட்டார்கள். யார்டில் அப்போது நசுங்கிக் கிடந்தது ஒரே ஒரு நீலக் கார்தான்.

அந்த நீலக் காரின் கதை இதுதான். முடிதிருத்தும் கடை வாசலில் ஆளில்லாமல் நின்றது. மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி, தாங்கி துருப்பிடித்து, அப்படியே அதன் கூரைமேல் இறங்கிவிட்டது. காரின் சொந்தக்காரர் உள்ளே சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். சத்தத்தில் கத்தி காதில் லேசாகப் பட்டது. மொத்தச் சேதாரம் அவ்வளவுதான்.

அதை மேடையில் ஏற்றினோம். அதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது, கொடுத்தேன். மூன்று பிள்ளைகள், வேகம், நீர்த்தேக்கச் சாலையின் கொக்கி வளைவு, மூன்று புரட்டல். வேறு ஊர்ப் பிள்ளைகள் என்று சொன்னதால் யாரும் விசாரிக்கவில்லை. உங்களுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த அதிகாரிதான் வந்து நாடா வெட்டித் திறந்துவைத்தார். விபத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழுத்தவர். காரைச் சுற்றி வந்து தலையை ஆட்டி, "என்ன வேகம் போயிருப்பானுங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சிரமம் என்பார்கள். மேடை கட்டி வைத்தால் சுலபம்.

முதல் ஆண்டு எப்படி வேலை செய்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூட்ட அரங்கில் முந்நூறு பிள்ளைகள். நான் பேசி முடிக்கும்வரை நாற்காலி ஒன்று கிறீச்சிடவில்லை. லைசென்ஸ் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் அந்தக் காரின் கதவைத் தொட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை அவர்களாகவே ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை நட்டு, ‘இவ்வாண்டு நம் மாணவர் விபத்துகள்’ என்று மேலே வர்ணத்தில் எழுதி, கீழே சாக்பீஸால் எண் போட்டார். முதல் ஆண்டு முடிவில் அதில் இருந்த எண் இரண்டு. இரண்டும் சிராய்ப்பு.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. மூன்றாம் ஆண்டு பானட்டில் கிரிக்கெட் ஸ்டிக்கர் முளைத்தது. ஐந்தாம் ஆண்டு சாப்பாட்டு டப்பாக்களை வைக்கும் இடமாகிவிட்டது. உள்ளே ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டி மூன்று தலைமுறை வளர்த்தது. ஜோடி ஜோடியாகச் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் பேச்சுக்கு நடுவில், நான் சிரிக்கச் சொல்லாத இடத்தில் சிரித்தார்கள். எனக்கு ‘டமார் தாத்தா’ என்று பெயர் வைத்தார்கள். பேச்சு எடுபடவில்லை என்று நான் மூன்று பிள்ளைகளை ஐந்தாக்கினேன், புரட்டலை ஏழாக்கினேன். பலகையில் எண் நான்கு, ஆறு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போனது.

ஒன்பதாம் ஆண்டு ஒருவன் வண்டியோடு மதகுச் சுவரில் மோதிக் கையை உடைத்துக்கொண்டான். நல்லது, இவனைப் பார்த்தாவது மற்றவர்கள் திருந்துவார்கள் என்று நினைத்தேன். மாவுக்கட்டோடு பள்ளிக்கு வந்தான். வகுப்பே வரிசையில் நின்று அந்தக் கட்டின் மேல் கையெழுத்துப் போட்டது. ஒரு மாதம் அவன்தான் ராஜா. அந்த மாதத்தில் மட்டும் இன்னும் நான்கு பேர் அதே மதகுப் பக்கம் பாய்ந்து பார்த்தார்கள். அன்று ஒன்று கற்றுக்கொண்டேன் ஐயா. காயம் போதாது. காயம்பட்டவன் திரும்பி வந்து பேசுவான்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரரின் மகள். கூடப் படிக்கிறவர்கள் அவளை ‘ஆமை’ என்று கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். லைசென்ஸ் எடுத்த பிறகு அப்பாவின் பழைய வெளிர்மஞ்சள் காரை ஓட்ட ஆரம்பித்தாள். சொந்த வீட்டு வாசலில் திரும்புவதற்கும் விளக்குப் போட்டுக் காட்டுவாள். ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் பை சாலையைக் கடக்கும்வரை நின்று வழிவிட்டாள். இது என் புளுகு இல்லை. பின்னால் நின்று கொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்.

பதினோரு வருடத்தில் என் பேச்சைக் குறிப்பெடுத்தவள் அவள் ஒருத்திதான். பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டு. வாரம் ஒருமுறை டயரும் பிரேக்கும் பார்க்க வேண்டும் என்று நான் மேடையில் சொன்னதை நம்பி, சனிக்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு யார்டுக்கு வருவாள். நான் குனிந்து பார்ப்பேன். அவள் நோட்டில் தேதி போட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வாள். அப்பா திரைச்சீலைத் துணியில் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்திருந்தார். பெரிய பெரிய சிவப்புப் பூ. "பூந்தோட்டத்துல உக்காந்து ஓட்டற மாதிரி இருக்குன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க தாத்தா" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு விடுமுறை முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, நோட்டை மூடிவிட்டு நின்றாள்.

"தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

கேள் என்றேன்.

"ஸ்கூல் வாசல்ல நிக்கிற வண்டி உருண்டு உருண்டு விழுந்துச்சுன்னு சொன்னீங்க இல்ல. உருண்டா பக்கத்துல எல்லாம் கீறல் இருக்கணும். அதுல ஒண்ணுமே இல்ல. முன்னாடி பம்பர் புதுசு மாதிரி இருக்கு. கூரை மட்டும்தான் அமுங்கியிருக்கு. அது மேலிருந்து நசுங்கின வண்டி தாத்தா."

தலைமையாசிரியர் பார்த்தார், நாடா வெட்டிய அதிகாரி பார்த்தார், பத்து ஆண்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆமைதான் பார்த்துக் கண்டுபிடித்தது. மெதுவாகப் போகிறவர்களுக்கு எல்லாம் கண்ணில் படும் போலிருக்கிறது.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரித்ததற்காக நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அது சிரிக்க வேண்டிய விஷயம்தான். துடைத்துக்கொண்டு, "அப்ப அதுல யாருமே சாகலையா?" என்றாள். காதில் கத்தி பட்டதைச் சொன்னேன். மறுபடியும் சிரித்தாள். பிறகு, அவள் வழக்கப்படி, நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வருஷம் பேசறப்ப நீங்களே சொல்லிடுங்க தாத்தா. பொய்யின்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும், மத்த எதையும் நம்ப மாட்டாங்க. பெல்ட் போடச் சொன்னதையும் நம்ப மாட்டாங்க. இல்லன்னா அதை எறக்கிட்டு, நெசமாவே விபத்தான வண்டி ஒண்ணை வெச்சிடுங்களேன்."

யோசனை அவளுடையது. இது பதிவாக வேண்டும்.

நீங்கள் காலையில் இரண்டு முறை கேட்டீர்கள்: அவள் வெளியே சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் செய்தீர்களா என்று. இல்லை. சொல்ல மாட்டேன் என்றால் சொல்லமாட்டாள், அப்படிப்பட்ட பெண். அரங்கில் எழுந்து நின்று, பதினோரு வருடம் புளுகினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமா என்றும் கேட்டீர்கள். புளுகனுக்கு என்ன கூச்சம்? அவள் சொன்னதில் இருந்த நியாயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பொய்யான வண்டி வேலை செய்யவில்லை. உண்மையான வண்டி வேண்டும்.

யார்டில் உண்மையான வண்டிகள் இல்லாமல் இல்லை. ஆனால் யாரோ ஒரு வியாபாரி மோதிய கார் பிள்ளைகளுக்கு என்ன சொல்லும்? அவர்களுக்குத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். உள்ளே இருந்தவர் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். திரும்பி வந்து கையெழுத்து வாங்கக் கூடாது. ஆளைப் பற்றியும் யோசித்தேன். நாலு பேரை வைத்துக்கொண்டு தலைகீழாக ஓட்டுகிறவர்கள் பள்ளியில் பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்களில் ஒருவன் போனால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? "அவன் ஓட்டற ஓட்டுக்கு எப்பவோ போயிருக்கணும்" என்பார்கள். நாம் அப்படி இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பாடம் வீணாகிவிடும். பெல்ட் போட்டு, வேகம் குறைத்து, டயர் பார்த்து, பிளாஸ்டிக் பைக்கு வழிவிட்டு ஓட்டிய ஒருத்திக்கு நேர்ந்தால்தான் ஒவ்வொருவனும் தன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பான்.

நிதானமாக யோசித்துப் பார்த்தால் நீங்களும் இதே பெயரில்தான் வந்து நிற்பீர்கள். இரண்டு வாரம் யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். மறுநாள் காலை, அப்பா தைத்து முடித்த சீருடைகளை நீர்த்தேக்கச் சாலை வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீடுகளில் கொடுக்க வேண்டும் என்றாள். இறக்கத்தில் எந்தக் கியரில் போக வேண்டும் என்று கேட்டாள். சரியாகச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு வண்டிக்கு அடியில் போனேன். இரண்டு நிமிட வேலை. என்ன செய்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். வழக்குக் கட்டுகள் கை மாறும், பிள்ளைகள் கண்ணில் பட்டால் நல்லதில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பிரேக் சரியா இருக்கும்மா" என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டாள். விளக்குப் போட்டுக் காட்டிவிட்டு யார்டு வாசலில் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே காலுக்கு எனக்கு அழைப்பு வந்தது. கொக்கி வளைவு. போனேன். கார் கீழே பாறையில் முன்பக்கமாக மோதியிருந்தது. பக்கவாட்டெல்லாம் கீறல். பின்சீட்டிலிருந்த சீருடைகள் பறந்து புதர் முழுக்க வெள்ளைச் சட்டையாக விரிந்து கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அவள் பெல்ட் போட்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வேண்டியதைச் செய்தார்கள். அவர்கள் அவசரப்படாததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணி அடுக்கினேன். முப்பத்திரண்டு.

வண்டியை இழுத்தவன் நான். யார்டில் வைத்தவன் நான். பழுது ஏதாவது இருந்ததா என்று அன்றைய அதிகாரி கேட்டதும் என்னைத்தான். பழுது இல்லை, இறக்கத்தில் பயந்திருப்பாள் என்றேன். எழுதிக்கொண்டார். அவர் நீலக் காரையே நம்பியவர்.

நான்காம் நாள் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். புதரில் பொறுக்கிய சட்டைகளை எல்லாம் மறுபடி துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தார். பள்ளி திறக்கிறது, பிள்ளைகளுக்கு வேண்டுமே என்றார். அவள் காரைப் பள்ளி மேடையில் வைக்கலாமா என்று கேட்டேன். வெகுநேரம் எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பிரேக்கெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"நான் பார்த்த வண்டி தம்பி."

"அது தெரியும். நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்னு அது எப்பவும் சொல்லும்." சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, "இன்னொரு புள்ளைக்கு உதவும்னா எடுத்துட்டுப் போய் வைங்க. சீட்டு உறையை மட்டும் கழட்டிடாதீங்க. எல்லாருக்கும் அதை வெச்சுத்தான் அடையாளம் தெரியும்" என்றார்.

கழற்றுவதாக எனக்கும் உத்தேசம் இல்லை.

நீலக் காரை இறக்கிவிட்டு மஞ்சள் காரை ஏற்றினோம். குருவிக் கூட்டைப் பத்திரமாக எடுத்து வேலியோரம் வைத்தேன். பள்ளி திறந்த வாரம் வழக்கம்போல அரங்கில் பேசினேன். இந்த முறை ஒரு சொல் கூட்டவில்லை. வேகம் கூட்டவில்லை, புரட்டல் கூட்டவில்லை. அவள் என்னென்ன சரியாகச் செய்தாள் என்று மட்டும் அவள் குறிப்பெடுத்த வரிசையிலேயே சொன்னேன். முந்நூறு பிள்ளைகள். அவள் அப்பா துவைத்துக் கொடுத்த சட்டைகள் அந்தக் கூட்டத்தில் முப்பத்திரண்டு இருந்தன. கொட்டாவி இல்லை, கிசுகிசு இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த அமைதியில் நான் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருப்பேன். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் அப்படி ஓர் அமைதி பதினோரு வருடத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

அந்த ஆண்டு முழுக்க ஒருவன்கூட வேகமாகப் போகவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். பள்ளி விட்ட நேரத்தில் கார்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி நகர்ந்தன. மாவுக்கட்டுக்காரன் தன் தம்பிக்குப் பெல்ட் மாட்டிவிட்டதைப் பார்த்தேன். மேடைப் பக்கம் டப்பா இல்லை, ஸ்டிக்கர் இல்லை. தையல்காரர் வாரம் ஒருநாள் வந்து சீட்டு உறையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுப் போவார். எனக்கும் கை காட்டுவார். நானும் காட்டுவேன்.

ஒரு நாள் டீக்கடையில் கதை கேட்டார்கள். சரக்கு வேறு எதுவும் கைவசம் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைக் கொன்ற இழுவை வண்டிக்காரனின் கதை என்று இதையே ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாரும் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர், "வயசாயிடுச்சு பெருசு, முன்ன மாதிரி நம்பற மாதிரி சொல்ல வரல" என்றார். சக்கரக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

மூன்று நாள் முன்பு தையல்காரர் மகளின் புத்தகப் பையை முதல்முறையாகத் திறந்திருக்கிறார். அந்தப் பச்சை நோட்டை நீங்கள் மேசையில் என் பக்கம் தள்ளிக் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன். அந்தச் சனிக்கிழமைத் தேதி. டயர், சரி. விளக்கு, சரி. பிரேக், தாத்தா பார்த்தார், சரி. அதற்குக் கீழே, வீட்டுக்குப் போன பிறகு எழுதியிருக்கிறாள். பேனா நிறம் வேறு. ‘மிதித்தால் முன்பைவிட ஆழமாகப் போகிறது. தாத்தா பார்த்துச் சரி என்றாரே, எனக்குத்தான் பழக்கம் போதவில்லை போல. அடுத்த சனிக்கிழமை கேட்க வேண்டும்.’

இத்தனை கவனமுள்ள பெண் அன்றைக்கே திரும்பி வந்து கேட்டிருக்கலாம். அது ஒன்றுதான் அவளிடம் நான் கண்ட குறை.

ஆகவே: தையல்காரர் மகளின் வண்டியில் பிரேக்கைக் கெடுத்தவன் நான். அவள் மறுநாள் அந்த வளைவில் இறங்குவாள் என்று தெரிந்து, அவள் பிழைக்கக் கூடாது என்று நினைத்து, என் முழு அறிவோடு செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. இதில் கூட்டல் குறைத்தல் எதுவும் இல்லை. கையெழுத்துக் கீழே இருக்கிறது.

உங்கள் மகன் இந்த ஆண்டுதான் லைசென்ஸ் எடுத்திருக்கிறான் என்று தெரியும். போன மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவனும் யார்டுக்கு வந்து டயர் பார்த்துக்கொண்டு போகிறான். பயப்படாதீர்கள், பார்த்ததோடு சரி. மஞ்சள் கார் இன்னும் மூன்று நான்கு ஆண்டு தாங்கும் என்றுதான் எண்ணியிருந்தேன். நல்ல பையன். மிகக் கவனமாக ஓட்டுகிறான்.

இரண்டு வேண்டுகோள். சாட்சிப் பொருள் என்று மஞ்சள் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். மேடை வெறுமையாக இருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடுங்கள். பள்ளி திறக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது.

இரண்டாவது, அந்தக் கரும்பலகை. தலைமையாசிரியர் அதில் போன ஆண்டுக்கு ‘1’ என்று எழுதிவைத்திருக்கிறார். பூஜ்யம் போடச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணை எப்படி விடுவது என்று கண் கலங்குகிறார். அவருக்கு அப்போது விவரம் தெரியாது, இப்போது நீங்கள் எடுத்துச் சொல்லலாம். நாங்கள் பட்ட பாட்டுக்கு ஓர் ஆண்டாவது அதில் சரியான எண் நிற்கட்டும். அவளுடையதை அதில் சேர்க்கக் கூடாது ஐயா. அது விபத்து இல்லையே.